ஏ.எல் கலைப்பிரிவில் மூன்றாவது பாடமாக அரசியல் விஞ்ஞானம் எடுக்கலாமா?

கரைச்சிப் பெடியன் கேட்டது:

வணக்கம். கிளிநொச்சி மாவட்டம், தமிழ்மொழி மூலம். ஓ.எல் முடிவு வந்துவிட்டது. தமிழ், வரலாறு, குடியியல் மூன்றிலும் ஏ. கணிதம் சி. ஆங்கிலம் எஸ், அதுவும் மயிரிழையில் தப்பிய எஸ். கலைப்பிரிவுக்குப் போவதென்று முடிவு. தமிழும் புவியியலும் எடுக்கிறேன், அதில் வீட்டில் ஒருவருக்கும் மறுப்பில்லை. மூன்றாவது பாடத்தில்தான் சண்டை.

எனக்கு அரசியல் விஞ்ஞானம் எடுக்க விருப்பம். அப்பா இந்து நாகரிகம் எடு என்கிறார். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதை நல்லாய்ப் படிப்பிக்கிறார்கள், போன முறை எடுத்த நிறையப் பேருக்கு ஏ வந்தது. "அரசியல் கதைக்கிறதுக்கு ஒரு பாடம் வேணுமோ, சலூனிலை இருந்தாலே காணும்" என்பது அவருடைய நியாயம்.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்துக்கு இருந்த சேர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக இன்னும் ஒருவரும் வரவில்லை. எடுத்தால் சூம் கிளாஸை நம்பித்தான் படிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணா தன் கொப்பிகளைத் தந்திருக்கிறார், ஆனால் அவை 19ஆம் திருத்தத்தோடு நிற்கின்றன. அதற்குப் பிறகு 20 வந்து, 21உம் வந்துவிட்டது. புதிய அரசியல் யாப்பே வரப்போகிறது என்றும் கதை. நான் படித்து முடிப்பதற்குள் எல்லாம் மாறிவிட்டால் என்ன செய்வது?

இன்னொன்று, இதைக் கேட்கக் கொஞ்சம் தயக்கம். 1956 தனிச்சிங்களச் சட்டம், 1972 யாப்பு, மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆம் திருத்தம் பற்றியெல்லாம் கேள்வி வரும்போது நாங்கள் நினைப்பதை எழுதலாமா? எழுதினால் புள்ளி வெட்டுவார்களா? படித்தவர்கள், படிப்பிக்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.


பென்சன் கந்தர்:

தம்பி, கொப்பர் சொல்வதைக் கேளும். நான் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டதாரிப் பிள்ளைகள் வேலை கேட்டுக் கச்சேரி வாசலில் கொட்டில் போட்டு இருந்ததைக் கண்ணால் பார்த்தவன். அனேகம் பேர் கலைப்பிரிவில் படித்தவர்கள். பத்திரிகை ஒழுங்காக வாசித்தால் இந்தப் பாடத்தில் உள்ளது முழுக்கத் தானாக வரும். ஏ வருகிற பாடத்தை எடுத்து முதலில் கம்பஸுக்குள் போகப் பாரும். போன பிறகு எதை வேண்டுமானாலும் படியும்.


வவுனியா ரீச்சர்:

கந்தர் ஐயா சொன்ன வேலைப் பிரச்சினை உண்மை. ஆனால் அது கலைப்பிரிவு முழுவதற்கும் உள்ள பிரச்சினை, இந்து நாகரிகம் எடுத்தால் மட்டும் தீர்ந்துவிடாது. பத்திரிகை வாசித்தால் போதும் என்றாரே, அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

தம்பி, நான் இந்தப் பாடம்தான் படிப்பிக்கிறேன். வீட்டில் அரசியல் நன்றாகக் கதைக்கிற பிள்ளைகள் முதல் தவணையிலேயே சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். யார் நல்லவர், யார் ஏமாற்றினார் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். 'சனாதிபதி பாராளுமன்றத்தை எப்போது கலைக்கலாம்?' என்று கேட்டால் மட்டும் 'அவர் நினைச்ச நேரம்' என்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே விடை இல்லை, எந்த ஆண்டு என்று முதலில் கேட்க வேண்டும்.

1978 யாப்பில் முதலில் இருந்தது, பொதுத்தேர்தல் நடந்து ஒரு வருடம் கழிந்தால் கலைக்கலாம் என்று. 2015இல் 19ஆம் திருத்தம் அதை நாலரை வருடமாக்கியது. அதற்கு முன் கலைப்பதென்றால் பாராளுமன்றமே மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் கேட்க வேண்டும். 2018 ஒக்டோபர் 26இல் அப்போதைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார். சபையில் பெரும்பான்மை சேரவில்லை. நவம்பர் 9இல் பாராளுமன்றத்தைக் கலைத்தார். 33ஆம் உறுப்புரையில் சனாதிபதிக்குக் கலைக்கும் அதிகாரம் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்பது அவர் பக்கத்து வாதம். 70ஆம் உறுப்புரையில் உள்ள நிபந்தனையை விட்டுவிட்டு 33ஐ மட்டும் வாசிக்க முடியாது என்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் டிசம்பர் 13இல் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கலைத்தது செல்லாமல் போனது.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். அந்தப் பாராளுமன்றம் முதலில் கூடியது 2015 செப்டெம்பர் 1. நாலரை வருடத்தைக் கூட்டிப் பாருங்கள், 2020 மார்ச் 1. கோட்டாபய அதைக் கலைத்தது 2020 மார்ச் 2. 2019 நவம்பரில் வென்றவர் அதுவரை இருந்தது பொறுமைசாலி என்பதால் அல்ல! பிறகு 20ஆம் திருத்தம் நாலரையை இரண்டரையாகக் குறைத்தது, 21ஆம் திருத்தம் அதில் கைவைக்கவில்லை. அடுத்த பாராளுமன்றம் கூடியது 2020 ஓகஸ்ட் 20. அனுரகுமார அதைக் கலைத்தது 2024 செப்டெம்பர் 24, பதவியேற்ற மறுநாள். பழைய விதி இருந்திருந்தால் 2025 பெப்ரவரி வரை அவர் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால், தன் கட்சிக்கு மூன்றே ஆசனம் இருந்த சபையிடம் மூன்றில் இரண்டு கேட்டுப் போயிருக்க வேண்டும். 20ஆம் திருத்தம் கோட்டாபயவுக்காக வந்தது. அதன் ஒரு துண்டு கடைசியில் பயன்பட்டது யாருக்கு என்று பாருங்கள். பத்திரிகையில் இந்தச் செய்திகள் எல்லாமே வந்தன, ஆனால் வேறு வேறு ஆண்டுகளில், வேறு வேறு பக்கங்களில். நாலு திகதியையும் ஒரு கோட்டில் வைக்கப் பழக்குவது இந்தப் பாடம்தான்.

இரண்டாம் விருப்பு வாக்கும் அப்படித்தான். சனாதிபதித் தேர்தலில் ஒருவரும் 50 வீதத்தைத் தாண்டாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரையும் நீக்கி, அவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் 2, 3 என்று எழுதியிருப்பதை எண்ண வேண்டும். 1982 முதல் 2019 வரை நடந்த எந்தத் தேர்தலிலும் அதற்குத் தேவை வரவில்லை. பிள்ளைகளுக்கும் அது பேப்பருக்காகப் பாடமாக்கும் ஒரு பந்திதான். 2024இல் அனுரவுக்கு 42.31 வீதம், சஜித்துக்கு 32.76. எண்ண வேண்டி வந்துவிட்டது. அப்படி எண்ணியபோது சஜித்துக்கு 167,867 கூடியது, அனுரவுக்கு 105,264தான். ஆனாலும் முதலில் இருந்த இடைவெளி பெரிது, முடிவு மாறவில்லை. மன்னாரிலிருந்து வந்து எங்களிடம் படித்த ஒரு பிள்ளை அன்றிரவு முழுக்க ரீவிக்கு முன் கொப்பியோடு இருந்தாளாம். இனி இந்தக் கேள்வி வந்தால் அவள் விடைக்குள் இலக்கம் இருக்கும்.

கொப்பி 19இல் நிற்கிறது என்றீர்களே, அதைத் தூக்கி எறியாதீர்கள். அதில் இருக்கும் பிரித்தானியர் காலத்து டொனமூர், சோல்பரி யாப்புகள், 1972 யாப்பு எல்லாம் அப்படியேதான் இருக்கும். 19க்குப் பிறகு இரண்டு தாள் சேர்த்துக் கட்டினால் போதும். 2020 ஒக்டோபரில் 20ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை எடுத்துவிட்டுப் பாராளுமன்றப் பேரவை என்று ஐந்து பேர் கொண்ட ஒன்றை வைத்தது. அது தன் அவதானிப்பைச் சொல்லலாம், சனாதிபதி அதற்குக் கட்டுப்படத் தேவையில்லை. 2022 ஒக்டோபரில் வந்த 21ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையைத் திரும்பக் கொண்டுவந்தது: பத்துப் பேர், ஏழு பேர் பாராளுமன்றத்திலிருந்து, மூன்று பேர் வெளியிலிருந்து. சுயாதீன ஆணைக்குழுக்களுக்கு ஆள் நியமிப்பது அதன் வழியாக. முதலில் இந்த மூன்று திருத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் கோடு போட்டு எழுதிப் பாருங்கள், மற்றவை தானாக ஒட்டிக்கொள்ளும்.

புதிய யாப்பு வருமா என்று பயப்பட வேண்டாம். மூன்றில் இரண்டு இருந்தாலும் எல்லாவற்றையும் சபையில் மட்டும் மாற்ற முடியாது. ஒற்றையாட்சி என்று சொல்லும் 2ஆம் உறுப்புரை, பௌத்தம் பற்றிய 9ஆம் உறுப்புரை போன்றவற்றைத் தொட வேண்டுமென்றால் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். ஏன் என்பது 83ஆம் உறுப்புரையில் இருக்கிறது, நீங்களே பாருங்கள். அப்படியே ஒன்று வந்தாலும் 1978 யாப்பு வரலாற்றுக் கேள்வியாக நிற்கும்.

இனி உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். நினைப்பதை எழுதலாம். எங்கே எழுதுகிறீர்கள் என்பதுதான் கதை. '1972 யாப்பு தமிழ் மக்களுக்குச் செய்த துரோகம்' என்று தொடங்கும் விடைகள் எனக்குக் கட்டுக்கட்டாக வரும். அந்த வசனத்துக்குப் புள்ளி போட என்னிடம் இடமில்லை, அதில் ஒரு தகவலும் இல்லையே. சோல்பரி யாப்பின் 29(2), ஒரு சமூகத்துக்கோ சமயத்துக்கோ மற்றவர்களுக்கு இல்லாத சலுகையையோ தடையையோ கொடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்றது. 1972இல் அந்தப் பிரிவு இல்லை. அடிப்படை உரிமைகள் என்று ஓர் அத்தியாயம் வந்தது, ஆனால் அதைக் கட்டுப்படுத்த நீளமான காரணங்களும் கூடவே வந்தன. பௌத்தத்துக்கு முதன்மை இடம் 6ஆம் பிரிவில், சிங்களம் அரச கரும மொழி என்பது 7இல். 1956இல் சாதாரண சட்டமாக இருந்தது யாப்புக்குள் ஏறிவிட்டது. இரண்டாம் சபையான செனற் 1971இலேயே ஒழிந்தது. லண்டனில் இருந்த கோமறைக் கழகத்துக்கு (பிரிவி கவுன்சில்) மேன்முறையீடு செய்யும் வழியும் அடைபட்டது. மொழி பற்றிய தீர்மானத்துக்குப் பிறகு தமிழரசுக் கட்சி அரசியல் நிர்ணய சபையை விட்டு 1971இல் வெளியேறியது. இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசிப் பந்தியில் உங்கள் தீர்ப்பை எழுதுங்கள். அப்போது அதை ஒருவரும் வெட்ட முடியாது. திருத்துகிறவர் உங்களோடு உடன்படாவிட்டாலும் புள்ளி போட்டுத்தான் ஆக வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் வைக்கும் பொறி ஒன்று உண்டு. 1931இல் டொனமூர் யாப்பின் முதல் தேர்தலை யாழ்ப்பாணம் ஏன் பகிஷ்கரித்தது? வகுப்பு முழுக்கக் கை உயரும். 'தமிழருக்கு ஆசனம் குறைவு' என்பார்கள். பகிஷ்கரிக்கச் சொன்னது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். அவர்கள் கேட்டது முழு நாட்டுக்கும் பூரண சுயராச்சியம். டொனமூர் தந்தது அதைவிடக் குறைவு என்பதே குறை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நாலு தொகுதிகளிலும் வேட்புமனு இல்லை, 1934இல் இடைத்தேர்தல் வரும்வரை அந்த நாலு கதிரைகளும் வெறுமை. இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 1931ஐப் பார்த்தால் இப்படித்தான் விடை பிழைக்கும்.

13ஆம் திருத்தத்துக்கு உங்களுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது, 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை, ஆளுநர்தான் நடத்துகிறார். நீங்கள் அப்போது ஐந்தாம் வகுப்புக்கும் வந்திருக்க மாட்டீர்கள். மாகாண சபை நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கியை நிரல் மூன்றையும் பாடமாக்கிவிட்டு, உங்கள் பள்ளிக்கூடம் எந்த நிரலின் கீழ் வருகிறது, அந்தச் சேரின் இடமாற்றக் கடிதத்தில் கையெழுத்திட்டது மாகாணமா மத்தியா என்று விசாரித்துப் பாருங்கள். மாகாணப் பாடசாலைக்கும் தேசிய பாடசாலைக்கும் விடை வேறு.

ஆங்கிலம் எஸ் என்றால் பரவாயில்லை. யாப்பு முழுக்கத் தமிழிலேயே பாராளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது. தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தமிழில் உண்டு, முதலில் அவற்றை இறக்குங்கள். சூம் கிளாஸ் எடுப்பதானால் எத்தனை மணித்தியாலம் என்று கேட்காதீர்கள், கட்டுரை விடையை வாங்கித் திருத்தித் தருவார்களா என்று கேளுங்கள். திருத்தாத கிளாஸுக்குக் காசு கொடுப்பதைவிட வானொலி கேட்கலாம்.


ஹட்டன் பிள்ளை:

ரீச்சர் சொன்னதில் ஒரு குறை இருக்கிறது, மன்னிக்க வேண்டும். 29(2)ஐப் பற்றி எழுதும்போது அது 1972 வரை எங்களை எல்லாம் காப்பாற்றிக்கொண்டிருந்தது மாதிரி ஒரு தோற்றம் வருகிறது. மலையகத்துக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

1947 தேர்தலில் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஏழு ஆசனம். 1948இல் பிரசாவுரிமைச் சட்டம், அடுத்த ஆண்டு வாக்காளர் சட்டத் திருத்தம். 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றும் இல்லை. 29ஆம் பிரிவு இருக்கும்போதே இவ்வளவும் நடந்தது. கொடக்கன் பிள்ளை வழக்கு 1953இல் கோமறைக் கழகம் வரை போனது. தன் பிரசைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு இயல்பாக உள்ள உரிமை, அதனால் இது 29ஐ மீறவில்லை என்று அங்கேயும் சொல்லிவிட்டார்கள். சட்டத்தில் எங்கேயும் 'இந்தியத் தமிழர்' என்ற சொல் கிடையாது. தகப்பன் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கொண்டு வா என்று மட்டும்தான் கேட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருந்து வரும்? எங்கள் தாத்தா 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்துக் கணக்கில் விழுந்தார் என்பதே வீட்டில் நீண்ட நாள் தகராறு. ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். முழுக்கத் தீர்ந்தது 2003 சட்டத்தோடுதான்.

ஆகவே தம்பி, 29 பற்றிக் கேள்வி வந்தால் கொடக்கன் பிள்ளையையும் எழுதுங்கள். இல்லையென்றால் விடை பாதிதான். 1977இல் மலையகத் தலைவர் தொண்டமான் எப்படிப் பாராளுமன்றத்துக்குள் போனார் என்பதையும் தேடிப் பாருங்கள். நுவரெலியா மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதி. ஒரே ஆளைத் தெரிவுசெய்யும் சாதாரணத் தொகுதியாக இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். பல அங்கத்தவர் தொகுதி என்றால் என்ன என்று இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஏ நிச்சயம் என்று அப்பா சொல்வதற்கு ஒரு விஷயம். கம்பஸுக்கு எடுப்பது இசட் புள்ளியை வைத்து. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரிக்கிறார்கள். எல்லோரும் நன்றாகச் செய்கிற பாடத்தில் நீங்களும் நன்றாகச் செய்தால் இசட் பெரிதாக ஏறாது. இரண்டு பாடத்திலும் ஒரே ஏ எடுத்த இருவருக்கு இசட் வேறு வேறாக வரலாம். எனவே 'எந்தப் பாடத்தில் ஏ சுலபம்' என்று பார்க்காமல், எந்தப் பாடத்தில் நீங்கள் மற்றவர்களைவிட மேலே நிற்பீர்கள் என்று பாருங்கள். நான் தமிழ், அளவையியல், அரசியல் விஞ்ஞானம் எடுத்தேன். இப்போது பேராதனையில் சட்டம்.


கரைச்சிப் பெடியன்:

மூவருக்கும் நன்றி. இசட் புள்ளிக் கணக்கை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். யோசிக்கிறார், ஆனால் இன்னும் ஓம் சொல்லவில்லை.

பழைய பேப்பர் ஒன்றில் பார்த்த மாதிரி ஒரு கேள்விக்கு எழுதிப் பார்த்தேன், ரீச்சர் திருத்துவீர்களா? கேள்வி: 1978 யாப்பின் கீழ் சனாதிபதியைப் பதவி நீக்குவது ஏன் கடினம்?

"1978ஆம் ஆண்டு அரசியல் யாப்பு சனாதிபதிக்கு எல்லையற்ற அதிகாரத்தை வழங்கியுள்ளது. ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றுவதைத் தவிர எல்லாம் செய்யலாம் என்பார்கள். ஆகவே அவரை நீக்குவது மிகக் கடினம். 2022இல் மக்கள் போராடியதால் கோட்டாபய நீக்கப்பட்டார். மக்கள் சக்தியே பெரியது என்பதை இது காட்டுகிறது."


வவுனியா ரீச்சர்:

முதல் வசனமே பிழை. எல்லையற்றது என்றால் 2018இல் ஏழு நீதியரசர்கள் என்ன செய்தார்கள்? இரண்டாவது வசனம் எல்லாக் கொப்பியிலும் இருக்கிறது, வெட்டுங்கள். மூன்றாவது, 'ஆகவே' என்று வருகிறது, ஆனால் முதலில் சொன்னதிலிருந்து அது வரவில்லை. நாலாவதில் தகவல் பிழை: கோட்டாபய நீக்கப்படவில்லை, 2022 யூலை 14இல் தானே பதவி விலகினார். அதுதான் உங்கள் விடைக்கே நல்ல சான்று, நீங்கள் அதைத் தலைகீழாக்கிவிட்டீர்கள். நாடு முழுக்க எழுந்து நின்றபோதும் 38ஆம் உறுப்புரையால் அவரை நீக்கும் வேலை முடியவில்லை. கடைசி வசனம் மேடைக்கு.

38ஐ எடுத்து இப்படிப் படிப்படியாக எழுதுங்கள். தீர்மான அறிவித்தலில் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் கையொப்பமிட வேண்டும், அதாவது 225இல் 150. பாதிப்பேர் கையொப்பமிட்டாலும் போதும், ஆனால் அப்போது குற்றச்சாட்டு விசாரிக்கத் தகுந்தது என்று சபாநாயகர் திருப்திப்பட வேண்டும். பிறகு அதை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப மூன்றில் இரண்டு. நீதிமன்றம் விசாரித்துக் குற்றம் உண்டு என்றால், நீக்குவதற்குத் திரும்பவும் மூன்றில் இரண்டு. கையொப்பம், சபை, நீதிமன்றம், மறுபடி சபை. இவற்றில் ஒரு கதவு பூட்டினாலும் முடிந்தது. இதை எழுதிவிட்டு 1991ஐ உதாரணமாகப் போடுங்கள். அப்போதைய சனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராகக் கொடுத்த தீர்மானம் முதல் கதவிலேயே நின்றுவிட்டது.

பதவி வெறுமையானால் என்ன என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம். 40ஆம் உறுப்புரையின்படி மிச்சக் காலத்துக்குப் பாராளுமன்றம் ஒருவரைத் தெரிவு செய்யும். 2022 யூலை 20இல் ரணிலுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அனுரவுக்கு 3. அந்த மூன்றையும் 2024ஐயும் பக்கத்தில் வைத்து எழுதுகிற ஆசை வரும். இந்தக் கேள்விக்கு அது தேவையில்லை, அடக்கிக்கொள்ளுங்கள்.

ஹட்டன் தங்கச்சி சொன்ன திருத்தம் சரி. கொடக்கன் பிள்ளை என் குறிப்பிலும் ஏறிவிட்டது.


பென்சன் கந்தர்:

1991 பற்றி நான் சொல்கிறேன், அப்போது நான் வேலையில் இருந்தவன், பேப்பரில் தினமும் அதுதான். லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் சொந்தக் கட்சிக்குள் இருந்தே கிளம்பியது. சபாநாயகர் எம்.எச்.முகமது முதலில் தீர்மானத்தை ஏற்றுக்கொண்டார். பிறகு கையொப்பமிட்டதாகச் சொன்ன சிலர் பின்வாங்கிவிட்டார்கள். செல்லுபடியான கையொப்பங்கள் போதாது என்று ஒக்டோபரில் நிராகரித்தார். நீதிமன்றம் வரை போகவே இல்லை.


ஹட்டன் பிள்ளை:

ஐயா, இந்தப் பாடம் வேண்டாம் என்று முதலில் சொன்னது நீங்கள்தானே?


பென்சன் கந்தர்:

வேலை கிடைக்காது என்றேன் பிள்ளை, சுவை இல்லை என்று சொல்லவில்லையே.


கரைச்சிப் பெடியன்:

திரும்ப எழுதினேன். இந்த முறை 38ஐ யாப்பில் பார்த்துத்தான் எழுதினேன், ஒன்றரைப் பக்கம் வந்தது. படம் எடுத்து ரீச்சருக்குத் தனிச் செய்தியில் போட்டிருக்கிறேன். பாடத் தெரிவுப் படிவம் வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.


வவுனியா ரீச்சர்:

பார்த்தேன். இருபதுக்குப் பதின்மூன்று. 'சபாநாயகர் திருப்திப்பட வேண்டும்' என்பதை விட்டுவிட்டீர்கள், பாதிப்பேர் கையொப்பத்தோடு வரும் தீர்மானம் அதில்தான் தொங்குகிறது. அதைச் சேர்த்து எழுதி, படிவம் கொடுக்க முன் அப்பாவிடம் வாசிக்கக் கொடுங்கள்.